மூன்றாவது ஓலை

...இன்னும் காணிக்கைப் பாட்டே முடியவில்லை, அதற்குள் ஃபாதரின் மைக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் ஃபாதர் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார், மூன்றாவது ஓலை, அதோடு சரி, அடுத்த வாரம் இதே கோயிலில் எனக்கும் அருள்ஜோசப்புக்கும் கல்யாணம். போன இரண்டு ஞாயிறும் மைக்கில் என் பெயர் வந்ததும் பின்வரிசைப் பெண்கள் இடுப்பில் கிள்ளினார்கள், எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது, அப்போது எதுவும் தெரியாது... தெரியாமலே இருந்து தொலைத்திருக்கலாம். கம்பெனியில் வருடா வருடம் ரத்தம் எடுப்பார்கள், வருடா வருடம் ரத்தம் குறைவு என்பார்கள், இரும்புச்சத்து மாத்திரை, வீட்டில் அம்மாவின் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், தின்று தின்று நாக்கு செத்ததுதான் மிச்சம். இந்த வருடம் புதிதாக வந்த டாக்டரம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "சிவப்பணு உனக்குக் கம்மியா இல்லம்மா, நெறையவே இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னது, இது இரும்புச்சத்து சமாச்சாரம் மாதிரி தெரியல." இன்னொரு பரிசோதனைக்கு எழுதினார். புதன்கிழமை முடிவு வந்தது, தலசீமியா கேரியர் என்று, பரம்பரை ரத்த நோய் ஒன்றை உடம்பில் சுமக்கிறவளாம். ஆரோக்கியசெல்வி என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது, கட்டிக்கப் போறவருக்கும் இருந்தாத்தான் வம்பு. அப்போ பொறக்கிற ஒவ்வொரு கொழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து, நோயோட பொறந்தா மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். அவரு சொந்தமா?" அத்தை மகன் என்றேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அவரு கம்பெனியிலயும் ரத்தம் பார்த்திருப்பாங்கல்ல, அதுலயே அணு சின்னதா பெருசான்னு இருக்கும், மொதல்ல அதைக் கேளு." கேட்கலாம்தான், ஒரு வார்த்தை. புதனிலிருந்து தினமும் போனில் பேசுகிறோம், பிரியாணியா சைவமா, தளி ஊரிலிருந்து பூ எப்போது வரும், எல்லாம் பேசுகிறோம், அதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அவனுக்கும் இருந்து, அத்தை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டால்? அவன் இல்லாமல் நான் என்ன செய்வேன்? எனக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி சிக்னலில் பைக்கை நிறுத்தி லாரிக்காரனிடம் கன்னடத்தில் சண்டை போட்டுவிட்டு, அடுத்த நொடியே திரும்பி, பயந்துட்டியா என்று தமிழில் கேட்பானே, அந்தக் குரல் வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தத் திருப்பத்தில் நிற்பானா, அடுத்த திருப்பத்தில் நிற்பானா என்று எத்தனை வருடம் தேடியிருக்கிறேன், நின்றுகொண்டிருக்கிற நாளில் கூட அந்த ஏக்கம் அடங்கியதில்லை. பார், ஆண்கள் பக்கம் தூணை ஒட்டி நிற்கிறான், சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது, போய்ச் சரிசெய்யக் கை துடிக்கிறது, அடுத்த வாரமென்றால் உரிமையோடு செய்யலாம்...

உறவுக்குள் கட்டுவதற்குப் பிஷப்பிடம் அனுமதி வாங்கியாயிற்று, பெரியவர்கள் எதையும் விடவில்லை, நகைக்கடைக்குக் கூட நாலு பேராகப் போனார்கள், ரத்தத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, சொந்த ரத்தம்தானே, அதில் என்ன விசாரணை. இதோ ஃபாதர் மைக்கைத் தட்டுகிறார். அவன் பெயர், என் பெயர், மூன்றாம் முறையாக அறிவிக்கப்படுகிறது, இவர்கள் திருமணத்திற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்... அறிந்தவள் நான்தான், எழுந்து சொல்லேன், மாதாவே, கால் ஏன் எழும்ப மாட்டேன் என்கிறது? பின்னாலிருந்து கிள்ளினார்கள். சிரித்து வைத்தேன்.

வெளியே பைக்குகள் நிற்கிற இடத்தில் அவனாகவே வந்தான். "ஏன் செல்வி, மூஞ்சி ஏன் செத்துக் கெடக்கு?" இதற்கு மேல் அடக்கினால் நெஞ்சு வெடித்துவிடும் என்று கொட்டிவிட்டேன், டாக்டரம்மா சொன்னதை, கேரியர் என்பதை, "மாமா, உன் ரத்தத்தையும் ஒருக்கா பார்க்கணும்" என்பதை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான். "பார்த்தாச்சு. போன வருசமே எங்க கம்பெனியில சொன்னாங்க, எனக்கும் அதேதான். சொன்னா நீ என்னை வேணாம்னுருவியோன்னு... சொல்லலைடி." போன வருடமே! கோபம் வர வேண்டும், கன்னத்தில் ஒன்று விட வேண்டும், குறைந்தபட்சம் பயமாவது வர வேண்டும். வரவில்லை. என்னை இழந்துவிடுவோமோ என்று இவனும் ஒரு வருடமாகத் தவித்திருக்கிறான், இவனுக்கும் நான் இவ்வளவு வேண்டுமா என்று உடம்பெல்லாம் சந்தோஷம்தான் பொங்கியது, நாலில் ஒரு பங்கு என்பது அதற்குப் பிறகு, மெதுவாக, நினைவுக்கு வந்தது... கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று பேசத்தான் போகிறோம், டாக்டரம்மாவிடம் இரண்டு பேருமே போகத்தான் போகிறோம், என்ன முடிவாகுமோ தெரியாது, ஆனால் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு பிள்ளை பிறந்து, அதன் கையில் ஊசி குத்தும்போது அது என் முகத்தைப் பார்த்தால், இதை நான் அதற்கு எப்படிச் சொல்வேன்?