சேர்மனின் ஆளுயரக் கிரேயான்

அந்தக் கிரேயான் கம்பெனிக்கு மொத்தமே இரண்டு பங்குதாரர்கள்தான். அவளும் அவள் புருஷனும். அதில் ஒருவர் மட்டும் தன்னைச் சேர்மன் என்று சொல்லிக்கொண்டார். அறைக் கதவில் ஒரு பித்தளைப் பலகை, மேஜைமேல் இன்னொன்று, போதாததற்குக் கார் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். இன்னொரு பங்குதாரருக்குப் பலகை எதுவும் கிடையாது. அவள் காலையிலிருந்து மெழுகுக் கொப்பரைக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள்.

பாளம் பாளமாக வரும் மெழுகை அந்தக் கொப்பரையில் உருக்கி, சுண்ணப்பொடியும் வண்ணப்பொடியும் கொட்டி, கட்டி தட்டாமல் கலக்க வேண்டும். கலந்ததை அச்சு மேஜைமேல் ஊற்றினால், அதிலுள்ள வரிசை வரிசையான துளைகளுக்குள் தானாக இறங்கிவிடும். மேஜைக்கு அடியில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மெழுகு இறுகியதும் மேலே நிற்கும் மிச்சத்தைச் சுரண்டியால் வழித்துக் கொப்பரைக்கே அனுப்பிவிட்டுக் கைப்பிடியைத் திருகினால், கிரேயான்கள் கூட்டமாக எழுந்து நிற்கும். பிறகு காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். விரல் தடிமன் உள்ள குச்சி என்பதால்தான் அத்தனை சீக்கிரம் இறுகுகிறது. இது அங்கே தரை கூட்டுகிற பெண்மணிக்குக்கூடத் தெரியும். சேர்மனுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் வியாபாரிகள் சங்கத் தலைவர் வருகிறார் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை, தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஆளுயரத்துக்கு ஒரு கிரேயான். சிவப்பு. வாசல் ஹால்ல நிக்கணும். தலைவர் ரிப்பனை இழுக்கிறார், சுத்தி நிக்கிற அச்சுத் தகடு விலகுது, ஜனங்க வாயைப் பிளக்கிறாங்க!" என்றார், கைகளை அகல விரித்து.

"எப்ப விழா?" என்று கேட்டாள் அவள்.

"நாளைக்கு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மேல் தோல்தாங்க இறுகும். உள்ளே தண்ணியாவே நிக்கும். நாலைஞ்சு நாள் விடணும்."

"எதுக்கெடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லணும் உனக்கு."

அவ்வளவுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கொப்பரை வேலை பார்ப்பது அவளுடைய தம்பி. பீப்பாய் அகலத்துக்குத் தகட்டை வளைத்து ஹாலில் நிறுத்தி, வாளி வாளியாகச் சிவப்பு மெழுகைச் சுமந்துவந்து ஊற்றியவன் அவன்தான். கூம்பு முனையைத் தனியாக வார்த்துத் தொப்பி மாதிரி மேலே வைத்தான்.

"அக்கா, மாமாகிட்ட இன்னொரு வாட்டி சொல்லிப் பாரேன். இது கிரேயான் இல்ல, கொப்பரைக்குச் சட்டை போட்டு நிறுத்தின மாதிரி இருக்கு."

"சேர்மன்கிட்ட நம்மளை மாதிரி ஆளுங்க பேசலாமாடா? நீ ஊத்து."

மறுநாள் ஹால் நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாது. தெரிந்தவர்கள் தலைவரின் கண்ணில் பட வந்தவர்கள். தலைவர் பளபளவென்று ஷூ போட்டிருந்தார். குனிந்து அதில் தன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் காரைவிட்டு இறங்கினார். ரிப்பனை இழுத்தார். தம்பி தகட்டைப் பிரித்தான்.

பார்க்க ஜோராகத்தான் இருந்தது. வழவழவென்று, செக்கச்செவேலென்று, பளிச்சென்று நின்றது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அத்தோடு விட்டிருந்தால் மானம் பிழைத்திருக்கும். சேர்மனுக்கோ மைக்கைப் பார்த்தால் விடத் தோன்றாது.

"எங்க கம்பெனி சரக்கு மாதிரி உறுதியான சரக்கு எங்கேயும் கிடையாது!" என்று முழங்கி, உறுதியைக் காட்ட அதன் விலாவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

விரிசல் ஒன்று மெல்லக் கீழே இறங்கியது. அடுத்த நொடி பக்கவாட்டுத் தோல் பிளந்து, உள்ளேயிருந்த சிவப்பெல்லாம் குபுகுபுவென்று வெளியே கொட்டியது. தொப்பி முனை கழன்று உருண்டது. முன்வரிசை நாற்காலிகளோடு பின்வாங்கியது. தலைவரால் மட்டும் நகர முடியவில்லை. அவர் காலைச் சுற்றி வந்த மெழுகு, சில்லிட்ட தரையில் பட்டதும் இறுகிப் பிடித்துக்கொண்டது. கொதிக்கிற சூடு இல்லாததால் கால் தப்பியது, ஷூ தப்பவில்லை.

சேர்மன் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இதான்... இதான் விசேஷம். உருகி ஓடுற மாதிரியே டிசைன் பண்ணியிருக்கோம்."

ஒரு மடையன் கைதட்டினான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் தட்டினான். கொஞ்ச நேரத்தில் ஹாலே தட்டியது. காலைப் பிடுங்க முடியாமல் நின்ற தலைவரும், தனக்குப் புரியவில்லை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். பிறகு ஷூவை அங்கேயே விட்டுவிட்டு, வெறும் சாக்ஸோடு, கம்பீரமாகக் காருக்கு நடந்தார்.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை, திரும்பிக்கொள்ளவில்லை. கண்ணில் நீர் வரும்வரை எல்லாருக்கும் கேட்கச் சிரித்தாள். சேர்மன் அதைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்தபின் அவர் ஹாலில் தனியாக முட்டிபோட்டுச் சுரண்டியால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பட்டுச் சட்டையின் கையெல்லாம் சிவப்பு.

"சுரண்டியைத் திருப்பிப் பிடிங்க. விரல் போயிடும்," என்றாள்.

திருப்பிப் பிடித்தார். நிமிராமலே கேட்டார்: "நீ ஏன் நிறுத்தலை?"

"சொன்னேனே."

"ஒரு தடவை. ஒரு தடவை சொன்னா நான் கேட்பேனா?"

"கேட்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் ஒரு தடவையோட நிறுத்திக்கிட்டேன்."

அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அது அடிபட்டவரின் பார்வையாக இருந்தது. வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டுத்தானே வாயை மூடிக்கொண்டோம் என்று ஒரு கணம் அவளுக்கு உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும். இத்தனை வருஷமாகச் சொன்னதெல்லாம் எந்தக் காதில் ஏறியது? அவள் இன்னொரு சுரண்டியை எடுத்துவந்து, மறுகோடியில் உட்கார்ந்தாள். தரை சுத்தமாகும்வரை இருவரும் சுரண்டினார்கள்.

அந்த வாரமே தலைவர் வீட்டிலிருந்து போன் வந்தது. சேர்மன் பேசிவிட்டு, கொஞ்சம் பழைய மிடுக்கோடு கொப்பரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விழா முடிந்ததிலிருந்து எதற்கும் முதலில் இங்கே வந்து கேட்கும் வழக்கம் வந்திருந்தது.

"தலைவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அவர் வீட்டுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணுமாம். அதே மாதிரி உருகி ஓடணுமாம். என்ன சொல்லட்டும்?"

தம்பி கலக்குவதை நிறுத்திவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தான்.

"தாராளமா செஞ்சு தரலாம்னு சொல்லுங்க," என்றாள் அவள். "அவர் வீட்டுக் கம்பளத்து மேலதான் வார்ப்போம்னும் சொல்லிடுங்க."