மூன்று பெயர்க்காரி

ஏழரை மணிச் சங்கு ஊதியபோது, டோல்கேட் பக்கத்துப் பிஸ்கட் கம்பெனியின் வாசலில் பெண்கள் டோக்கனுக்காக வரிசையில் நின்றார்கள். உள்ளிருந்து வெண்ணெயும் சர்க்கரையும் வேகும் வாசனை வந்தது. பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். அவர்களுக்கு அந்த வாசனை பிடிக்காது.

டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா தாமோதரன் பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"லூர்து, இன்னையிலேருந்து உன் பேரு கெங்கம்மா. டோக்கன் நாப்பத்தொண்ணு. கூப்பிட்டா திருதிருன்னு முழிக்காதே."

"இன்னா சார், போன வாட்டி ஞானம்னு வெச்சே. வேதக்காரப் பேராச்சும் இருந்திச்சு. இப்ப கெங்கம்மாவா? மாதா கோயில்ல சாமியார் கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவே?"

வரிசை முழுவதும் சிரித்தது. தாமோதரனும் சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். யாருக்காவது காய்ச்சல் என்றால் பத்து நிமிஷத் தாமதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்தான்.

சட்டம் ஒன்று இருந்தது. பிரசவத்துக்கு முந்திய ஓராண்டில் நூற்றறுபது நாள் வேலை செய்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு பன்னிரண்டு வாரம் விடுப்பு. கம்பெனி அந்தச் சட்டத்தை மீறவில்லை. நூற்றைம்பதாவது நாள் பெண்ணை நிறுத்திவிடும். ஒரு நாள் விட்டு அவளையே வேறொரு பெயரில் எடுத்துக்கொள்ளும். ஆகவே நூற்றறுபது நாள் வேலை செய்த பெண் அந்தப் பதிவேட்டில் ஒருத்திகூடக் கிடையாது. ஆண்களுக்கு இந்த நிறுத்தம் இல்லை. மாவு மிஷின் துரை பதினாலு வருஷமாகத் துரையேதான். விரல் நசுங்கியபோது ஆறு வாரம் சம்பளத்தோடு வீட்டில் இருந்தான்.

லூர்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்றாவது பெயர். வயிற்றில் ஆறு மாதம்.

காசிமேட்டில் மீன் கூடை சுமந்துகொண்டிருந்தபோது அவளுடைய முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே உயிரில்லாமல் விழுந்துவிட்டது. "அடுத்ததுக்கு ஏழாம் மாசத்திலிருந்து படுக்கையில இருக்கணும். இல்லேன்னா இதுவும் தங்காது" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லியிருந்தாள். கம்பெனி வேலை என்றால் பிரசவ லீவு உண்டு என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் லூர்து கூடையை இறக்கி வைத்துவிட்டு டோக்கன் வாங்க வந்தாள்.

அன்று மாலை ராயபுரத்தில், தங்கள் ஒற்றை அறை வீட்டில், அவளுடைய புருஷன் பாஸ்கல் அவள் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கப்பல் வந்த நாளில் மட்டும் அவனுக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த மாதம் ஒன்பது நாள்தான் கப்பல் வந்திருந்தது.

"காலு இன்னாம்மே இப்பிடி வீங்கிக் கீது? நாளைலேருந்து போவாதே."

"போவாம? ரெண்டு பேரும் கடல் காத்த துன்னுகினு இருக்கலாமா?"

"சட்டம் கீதுல்ல. ஒரு வருசமா நீதானே போய்க்கினு வர?"

"நான்தான் போறேன். ஆனா புஸ்தகத்துல மூணு பொம்பள போய்க்கினு வரா."

பாஸ்கல் சிரிக்கவில்லை. மறுநாள் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைப் பிடித்து, தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டான்.

மூன்றாவது வாரம் அதிகாரி வந்தார். மானேஜர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். தாமோதரன் பதிவேட்டை விரித்தார்.

"நாற்பத்தொன்று. கெங்கம்மா."

லூர்து முன்னே வந்தாள்.

"நான் கெங்கம்மா இல்ல சார். லூர்து. இதுக்கு முன்ன ஞானமும் நான்தான். மூணையும் கூட்டுங்கோ. முந்நூறு நாளுக்கு மேல ஆவுது. எனக்கு லீவு குடுக்கச் சொல்லுங்கோ."

அதிகாரி தாமோதரனைப் பார்த்தார். "இந்தம்மா சொல்றது உண்மையா?"

தாமோதரன் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கணத்தில் தாமோதரனின் கண்முன் வந்தது கல்யாணத்துக்கு நிற்கும் தம் இரண்டு பெண்கள்தான்.

"எனக்குத் தெரியாது சார். கெங்கம்மான்னு சொல்லித்தான் சேர்ந்தா."

"வேற யாராவது சாட்சி உண்டா?"

லூர்து திரும்பினாள். பக்கத்து பெஞ்சில் ஒரு வருஷமாக அவளோடு பிஸ்கட்டுக்குக் காகிதம் சுற்றிய அம்மு தரையைப் பார்த்தாள். அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் இரண்டு மூன்று பெயர் இருந்தது. வாய் திறந்தால் ஒரு பெயரும் மிஞ்சாது.

"எழுத்துல இல்லாததை நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார் அதிகாரி. அவருக்கும் வருத்தம்தான். வருத்தத்தோடு பதிவேட்டை மூடினார்.

பொய்ப் பெயரில் வேலைக்குச் சேர்ந்த குற்றத்துக்காக அன்று மாலையே கெங்கம்மாவின் பெயர் அடிக்கப்பட்டது.

கம்பெனி மதிலில், இரண்டு பிள்ளை போதும் என்று சிவப்பு முக்கோணத்தோடு சர்க்கார் எழுதி வைத்திருந்தது. வாசலில் காத்திருந்த பாஸ்கல் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனான். லூர்து அந்த எழுத்தின்முன் நின்றாள்.

"எத்தினி பெத்துக்கணும்னு செவுத்துல எழுதத் தெரியுது. ஒண்ணையாச்சும் உசுரோட பெத்துக்க வுட மாட்றாங்களே" என்றாள். பிறகு, "வுடுய்யா. நான் கேட்ட ஓய்வு கெடச்சிடுச்சு. சம்பளந்தான் இல்ல" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பத்து நாள் படுத்திருந்தாள். கப்பல் வரவில்லை. பதினோராம் நாள் பாஸ்கல் வேலை தேடி வெளியே போனதும், பழைய கூடையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரமே, எட்டாம் மாதத்தில், ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அழவில்லை. உயிரோடு பிறக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை, பெயரும் இல்லை. பாஸ்கல் தன் வேட்டியில் பாதியைக் கிழித்துச் சுற்றி, தானே எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தாமோதரன் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. வாசலிலேயே நின்றார்.

"என்னை மன்னிச்சிடும்மா. நாளைக்கே அதிகாரிகிட்ட உண்மைய எழுதிக் குடுத்துடறேன். வேலை போனாலும் போகட்டும்."

பாஸ்கல் எழுந்தான். "மூணு வாரத்துக்கு முன்ன இந்த வாயி எங்க இருந்திச்சு சார்?"

"சும்மா இரு" என்றாள் லூர்து. பாயில் கிடந்தபடியே தாமோதரனைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்கு மூணு பேரு எழுதினே சார். எம்புள்ளைக்கு ஒரு பேரு இல்லாம பூட்சே."

தாமோதரன் தலை குனிந்தார். பழப்பை அவர் கையிலேயே இருந்தது.

"எழுதிக் குடு. எனக்கு வேணாம், எனக்கு இனிமே எதுக்கு? அம்முவுக்கு இது அஞ்சாம் மாசம். அவளுக்கோசரம் குடு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. புள்ளத்தாச்சிக்குக் குடுக்கிற லீவு, யாரோ எரக்கப்பட்டுப் போடுற பிச்ச இல்ல. அவ ஒழச்ச கூலி அது, அவ புள்ளையோட உசுரு அது. சட்டத்தக் காயிதத்துல வெச்சுகினு அவள ஏமாத்துறவனும், தெரிஞ்சும் வாய மூடிக்கிறவனும், அந்தப் புள்ளையக் கொன்னவங்கதான். நீயும்தான் சார். பேர மாத்துனப்பவே எல்லாம் நான்தான்னு சொல்லாம, ஒரு வருசம் சிரிச்சுகினு நின்னேனே, நானும்தான்."