சுவர் பார்த்த கட்டில்

கட்டிலின் கால்மாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவுடி திருப்பணும்?" என்று கேட்டார் லேத்துக்காரர்.

"இன்னும் கொஞ்சம். ஜன்னல் கம்பி மறைக்குது," என்றாள் அவர் மனைவி. குரல் காற்றாகத்தான் வந்தது.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அவளை வீட்டுக்கு அனுப்பி ஆறு நாளாகியிருந்தது. துணைக்கு வந்திருந்த மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்வரையாவது இருவரும் முகம் பார்த்து உட்கார்ந்திருக்கலாம் என்று இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்த மறுநிமிஷமே கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டாள் மனைவி. ஜன்னலுக்கு வெளியே பின்பக்கச் சுவர். சுவரில் பாசி.

அவளைப் பறித்தது இன்னொரு ஆம்பளை என்றால் சட்டையைப் பிடித்து இரண்டில் ஒன்று பார்த்திருக்கலாம். பாசியின் எந்தச் சட்டையைப் பிடிப்பது?

முப்பது வருஷம் நர்ஸாக நின்று தேய்ந்த கால்களோடு ஓய்வு பெற்றவள், அந்த வருஷத்து மழைக்காலத்தில் ஒருநாள் முக்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். பாசியை வரையப் பென்சிலை எடுத்தாள். அவ்வளவுதான், பெண்டாட்டி போனாள். அவசரப்பட்டு லென்ஸ் ஒன்றுக்குப் பித்தளையில் பிடி கடைந்து கொடுத்தவரும் இவர்தான். அதற்குள் கண்ணை வைத்து, பாசியில் தலைமயிரைவிட மெல்லிய தண்டையும் அதன் நுனியில் கடுகிலும் சிறிதான குடுவையையும் மணிக்கணக்கில் பார்ப்பாள். இவர் பசிக்குது என்று சொன்னால் "ம்" என்பாள். வீடு பற்றி எரியுது என்றாலும் அதே "ம்"தான் வந்திருக்கும்.

ஒருமுறை, "அளவு தெரியணும், கட்டைவிரலைப் பக்கத்துல வைங்க," என்றாள். அரைமணி நேரம் அசையாமல் வைத்திருந்தார். படம் முடிந்ததும் ஆசையாக எட்டிப் பார்த்தார். விரல் இருந்த இடத்தில் தீக்குச்சி வரைந்திருந்தாள். பதினேழு நோட்டுகள் நிறைந்தன. ஒன்றில்கூட இவர் இல்லை. நூலகத்தில் அவள் படங்களை மாட்டி வைத்தபோது வந்தவர்கள் இவர் கையைப் பிடித்து, "நீங்க குடுத்து வெச்சவர்," என்றார்கள். சிரித்துவைத்தார்.

மகளுக்குப் பிரசவம் என்று அவள் பத்து நாள் வெளியூர் போன சமயத்தில்தான் அதைச் செய்தார். கம்பி பிரஷ்ஷால் சுவர் முழுக்கச் சுரண்டினார். இரண்டு பூச்சு வெள்ளை அடித்தார். திரும்பி வந்தவள் சுவரைப் பார்த்தாள். "பளிச்சுன்னு இருக்கு," என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். சண்டை போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். மறுநாள் காலை அதே முக்காலியில், வெறும் வெள்ளைச் சுவருக்கு எதிரே, புது நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

அது நாலு வருஷத்துக்கு முன்னால்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் இப்போது.

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக் குனிந்தார்.

"நீங்க வெள்ளை அடிச்சதுதான் நல்லதாப் போச்சு. இல்லன்னா மொதப் புள்ளி எப்படி வருதுன்னு நான் எங்க பாத்திருக்கப் போறேன்?"

அவர் பழிவாங்கியதுகூடப் பாசிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"வேணும்னேதான் அடிச்சேன்," என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டி கேக்கல?"

"கேட்டா நீங்க அழுதிருப்பீங்க."

அவள் உதடு லேசாக விரிந்தது. பார்வை மட்டும் ஜன்னலைவிட்டு வரவில்லை.

"வெயில்ல சுருண்டு கெடக்கு, பாருங்க. கொஞ்சம் தண்ணி தெளிங்களேன். விரியறதப் பாக்கணும்."

"இதுக்கு நான் வேலைக்காரன் வேறயா?" என்று முணுமுணுத்துக்கொண்டே குவளையோடு வெளியே போனார்.

பழுப்பேறி, பழைய கம்பளித் துண்டைப்போல ஒட்டிக் கிடந்தது பாசி. விரலால் நீரைச் சுண்டித் தெளித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மண்ணில் முட்டிபோட்டு இன்னும் கொஞ்சம் தெளித்தார். சுருண்டிருந்த ஒரு நுனி அசைந்தது. காற்றோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். காற்றில்லை. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் பத்து, நூறு. ஒவ்வொன்றும் தன்னைத் தானே அவிழ்த்துக்கொண்டு, ஊசிமுனை அளவு நட்சத்திரமாக விரிந்தது. பழுப்பு வடிந்து பச்சை ஏறியது. லேத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இரும்பைக் கடைந்த கண் அவருடையது. இந்த அளவில் இவ்வளவு சுத்தமான வேலையை அது எங்கும் கண்டதில்லை.

"ஏய், பாத்தியா? விரியுது!" என்றார் திரும்பாமலே. "பாத்தியாடி?"

பதில் வராததால் திரும்பினார்.

அவள் கண் திறந்தே இருந்தது. ஜன்னல் பக்கம்தான் இருந்தது.

உள்ளே ஓடி வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தார். கையை அதன் இடத்தில் வைத்தார். பிறகு யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார். அவள் தலையணையில், அவள் கன்னத்தை ஒட்டித் தன் கன்னத்தையும் வைத்து ஜன்னலைப் பார்த்தார். பச்சைத் திட்டு நேரே தெரிந்தது. சற்று முன் அங்கே முட்டிபோட்டிருந்த தன் முதுகு அதை அவளுக்கு மறைத்திருக்குமா, இல்லை தான் சற்றுத் தள்ளி இருந்தோமா? கணக்குப் போட்டுப் பார்த்தார். பிடிபடவில்லை. அங்கே போய் உட்கார்ந்து காட்ட இப்போது வேறு ஆளில்லை.

மகள் வந்து, மருந்துப் பையைக் கீழே போட்டு, அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து, கண்களை மூடிவிட்டு, கேட்டாள்.

"கடைசியா எதைப்பா பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

"என்னைத்தான்," என்றார் லேத்துக்காரர். "என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தா."

சுவர்ப் பக்கம் திருப்பியிருந்த கட்டிலை மகள் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அவர் பேண்டின் முட்டியில் ஈரமண் அப்பியிருந்தது. குனிந்து உள்ளங்கையால் தட்டிவிட்டாள். மண் உதிர்ந்தது. பச்சையாக ஒரு துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுக்கப் போனாள்.

"விடும்மா," என்று முட்டியைக் கையால் மூடிக்கொண்டார்.