ஒரே கேபிளில் இரண்டு பேச்சு

அண்ணனின் அச்சகத்தில் அச்சுத் தகடு எடுக்கும் ஒரு பழைய பிளேட் மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் மொழியான புரோட்டோகாலில் அதற்குப் பழையது மட்டும்தான் தெரியும். அதையும் ஓயாமல், எல்லார் காதிலும் விழும்படி பேசும். அந்தத் தொல்லையில் மற்ற கம்ப்யூட்டர்கள் இழுத்துக்கொண்டு கிடந்தன. டிசைன் மேஜைக்கோ அந்தப் பழையதும் வேண்டும், மற்ற கம்ப்யூட்டர்கள் பேசும் ஐபியும் வேண்டும், வருவது ஒரே கேபிள். அதனால் எந்த கேபிள் என்று பார்க்காமல், எந்தப் புரோட்டோகால் என்று பார்த்து, எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி தனித்தனி வி-லேனாக, அதாவது ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழாத தனிப் பாதையாக, பிரித்து அனுப்ப வேண்டும்.

இதை நான் செய்துகாட்டினால் நெட்வொர்க் பொறுப்பு எனக்கு, இல்லையென்றால் வெளியாளுக்கு. அண்ணன் அப்படித்தான் சொல்லியிருந்தார். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும்.

அண்ணனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவது. காலையில் நான் அமைத்ததைச் சேமிப்பதற்குள் ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கினார். அத்தனையும் போனது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் பிடுங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தட்டினேன்.

அப்போதும் கம்ப்யூட்டர்களுக்கு, ஃபைல்கள் இருக்கும் சர்வர் அகப்படவில்லை. ஐபியைப் புது வி-லேனில் சேர்த்த நான், யார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கிற ஏ.ஆர்.பி.யை விட்டுவிட்டேன். பேசலாம், ஆனால் விலாசம் கேட்கக் கூடாது என்கிற கதை. தலையில் அடித்துக்கொண்டு அதையும் சேர்த்து, உடனே சேமித்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். ஸ்விட்ச் எழுந்தது. எல்லாம் ஓடின. பிளேட் மெஷின் தன் வி-லேனில் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

“பாத்தியா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுச்சு. இதுக்குப் போய் காலையிலேர்ந்து உக்காந்திருக்கே.”

நான் சேமித்ததால்தான் ஓடுகிறது என்றேன். பக்கத்திலேயே இருந்து பார்த்த அண்ணியும் எடுத்துச் சொன்னார். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“இதுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்கு? நீ நாளையிலேர்ந்து வா. போன் எடுக்க ஆள் இல்ல.”

பெரிய மனது பண்ணித்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அழுதால் என்னையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணப் பார்ப்பார். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன்.

“அடுத்த தடவை நெட்வொர்க் நின்னா வெளியாளைக் கூப்பிடுங்கண்ணா” என்றேன். “எனக்குத்தான் போன் எடுக்க மட்டும் தெரியுமே.”