ஆறரை என்று எழுதினேன்

எங்கள் கல் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லின்மேல் சாக்பீஸால் எடை எழுதுகிறவன், அந்தக் கல் மேலே போய்க் கீழே இறங்கும்வரை அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பதினெட்டு வருடமாக எழுதுகிறவன் நான். எழுத்தும் கணக்கும் வந்தது என்னவோ போன வருடம்தான். அதற்கு முன்னால் முதலாளி சொல்லும் எண்ணைப் படம் வரைகிற மாதிரி வரைந்துவிட்டு நிற்பேன். அப்படி வரைந்த ஒரு எண்ணில்தான் என் தங்கை புருஷனுக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. கடவுள் சித்தம் என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன்.

அன்றைக்கு வந்தது பிரார்த்தனை மண்டபத்துக்கான கல். அளந்து பெருக்கிப் பார்த்தேன். ஆறரை டன். எங்கள் சங்கிலி தாங்குவது ஐந்து. மாப்பிள்ளை மிச்ச விரல்களில் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். சங்கிலி கட்டுவது அவர்தான்.

"நாலுன்னு போடு," என்றார் முதலாளி. மேலே கூண்டிலிருக்கும் கிரேன்காரருக்கு மோட்டார் சத்தத்தில் எங்கள் பேச்சு கேட்காது. எண்ணைப் பார்த்துத்தான் கொக்கியை இறக்குவார்.

"ஆறரை இருக்குங்க."

"நாலெழுத்து படிச்சதும் நாக்கு நீளுது பாரு."

கல்லைப் பார்க்க வந்திருந்த மண்டபத்துப் பெரியவர் சிரித்தார். "பயப்படாதப்பா. இது எல்லாம் வல்லவனோட வேலை. அவனால முடியாதது எது?"

"அவரால தூக்கவே முடியாத ஒரு கல்லை அவரால செய்ய முடியுமாங்க ஐயா?"

"தாராளமா முடியும்."

"அப்ப அந்தக் கல்லை அவரால தூக்க முடியாது."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, செய்ய முடியாதுன்னே வச்சுக்க."

"அப்பவும் முடியாதது ஒண்ணு வந்துருச்சே."

"அவரு செஞ்சாரோ இல்லையோ, நம்ம முதலாளி செஞ்சுட்டாரு மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "தூக்க முடியாத கல்லா பார்த்து வாங்கிட்டு வந்துட்டாரு!"

"அவனை மனுஷ அறிவால அளக்காதே," என்று பெரியவர் குரலை உயர்த்தினார்.

"அவரை அளக்கலீங்க. கல்லைத்தான் அளந்தேன்."

ஆறரை என்று எழுதினேன். முதலாளி உள்ளங்கையால் அழித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தார். சாக்பீஸை அவரிடமே நீட்டினேன்.

"நீங்களே நாலு போடுங்க. போட்டுட்டுப் பக்கத்துல நில்லுங்க."

அவர் பெரியவரைப் பார்த்தார். நான் பெரியவர் பக்கம் நீட்டினேன். "ஐயா எழுதுங்களேன். உங்களுக்குத்தான் துணைக்கு ஆள் இருக்காரே."

பெரியவர் அண்ணாந்து சங்கிலியைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"நாளையிலேருந்து வேலைக்கு வராதே," என்றார் முதலாளி என்னிடம்.

"சரிங்க. இன்னிக்கு வேலை இன்னும் பாக்கி இருக்கு."

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றிக் கல்மேல் வைத்தார். நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கூண்டிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, கல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மூன்றாவது முறையாக ஆறரை என்று எழுதினேன்.

மேலே மோட்டார் நின்றது.