காலித் தட்டு

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. நர்சிங் சேர்ந்த முதல் வாரமே ஹாஸ்டலில் என் சோப்பு காணாமல் போனது. கடைசி வருட மாதிரித் தேர்வன்று, புண்ணுக்குக் கட்டு மாற்றும் ட்ரேயிலிருந்து ஃபோர்செப்ஸ் என்கிற இடுக்கியே காணாமல் போனது. எடுத்தது ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் ஆனந்திதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். சாட்சி கிடையாது. ஆனால் அவள் எனக்கு ரொம்பவும் ஆறுதல் சொன்னாள். எடுக்காதவள் எதற்கு அத்தனை ஆறுதல் சொல்ல வேண்டும்?

இப்போது கடைசி செய்முறைத் தேர்வு. இதில் தவறினால் என் படிப்பு அதோடு சரி. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் என் அத்தா ஜமால் முகமது, சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். "ஒரு தடவ கோட்ட விட்டாலும் வீட்டோட இருந்துக்கணும் ஷமா. மறுபேச்சு கெடையாது." அத்தா சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வில் யாருக்கு எந்த நோயாளி என்று முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். அன்று சாயங்காலமே போய் அவரைக் கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். தலை வாரிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, ஊர்க்கதை கேட்டால் மறுநாள் எக்ஸாமினர் முன்னால் முரண்டு பிடிக்க மாட்டார். மேடம்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். அவர்களும் அப்படித் தேறி வந்தவர்கள்தானே.

எனக்கு வாய்த்தவர் சாணார்பட்டிப் பக்கத்து மூக்காயி அம்மா. சர்க்கரை நோய், இடது காலில் ஆறாத புண். எண்ணெய் வைத்துச் சடை போட்டுவிட்டேன்.

"நாளைக்கு எனக்குப் பரீட்சம்மா. பாஸாகணும்னு வேண்டிக்கங்க."

"உங்க ஆளுக எப்படி வேண்டுவீக தாயி?"

"எங்கம்மா எனக்காக நாளைக்கு நோன்பு வைக்கிது. பொழுது சாயிற வரைக்கும் தண்ணி கூடக் குடிக்காது."

"அம்புட்டுமா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில், வார்டு சிஸ்டர் பக்கத்தில் நிற்க, நானே அவருக்கு இன்சுலின் ஊசி போட்டேன். நாலு இட்லியைத் தட்டில் வைத்துக் கொடுத்து, "உடனே சாப்ட்றணும்" என்று சொல்லிவிட்டு ட்ரே அடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டு காலி.

"சாப்டீங்களாம்மா?"

"ஆச்சு தாயி."

நிம்மதியாக ட்ரேயிடம் போனேன். ஒவ்வொரு சாமானாக எண்ணித் துணி போட்டு மூடினேன். மறுபடி சந்தேகம் வந்து, திறந்து எண்ணினேன். நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். ஆனந்தி என் மூக்காயி அம்மாவின் கட்டில்மேல் குனிந்து குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் கை தலையணைக்கு அடியில் இருந்தது. அவளுடைய நோயாளி வார்டின் அந்தக் கோடியில் இருக்கிறார். இங்கே இவளுக்கு என்ன ஜோலி?

நான் கிட்டே போனதும் இரண்டு பேரும் கப்சிப். அதற்கு முன் மூக்காயி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளகிட்டச் சொல்லிராத" என்றது என் காதில் விழுந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோர்செப்ஸ் போதாதென்று இப்போது பேஷண்ட்டையே கலைக்கிறாளா?

"ஷமா, செத்த இங்கிட்டு வா, ஒன்னு சொல்லணும்."

"ஒன் சங்காத்தமே வேணாம்டி."

நேரே எங்கள் ஆசிரியை தமிழ்மதி மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். மதுரையிலிருந்து வந்த எக்ஸாமினர் படியேறிக்கொண்டிருந்த நேரம். மேடத்துக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"அடுத்தவ பேஷண்ட்டுகிட்ட ஒனக்கென்ன வேல? கூப்பிடுற வரைக்கும் கீழ போய் நில்லு."

"மேடம், அந்தம்மா வந்து..."

"ஒரு வார்த்த பேசக் கூடாது!"

ஆனந்தி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

தேர்வு ஆரம்பித்தது. கிருமி நீக்கிய கையுறை மாட்டிவிட்டால் ட்ரேயையும் புண்ணையும் தவிர எதையும் தொடக் கூடாது. தொட்டால் மார்க் போய்விடும். பழைய கட்டைப் பிரித்தாயிற்று. புதுக் கையுறை மாட்டி, புண்ணைத் துடைக்க ஆரம்பித்தேன். எக்ஸாமினர் தலையாட்டினார். எல்லாம் ஒழுங்காகப் போனதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"வலிக்கிதாம்மா?"

மூக்காயி அம்மா என்னை வேறு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார். குரல் குழறியது. ஓகோ, நடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று பல்லைக் கடித்தேன். அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். முத்து முத்தாக வேர்வை. தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது. யாராலும் வேர்வையை நடிக்க முடியாது.

நிறுத்தினால் அத்தா சொன்னது நடந்துவிடும். கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கையுறையோடு அவர் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"என்ன பண்ற? எல்லாம் கெட்டுப்போச்சு!" என்றார் எக்ஸாமினர்.

"இவங்களுக்குச் சுகர் இறங்குது மேடம்."

விரலில் குத்திப் பார்த்தோம். நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. விழுங்க முடிகிறதா என்று பார்த்து, குளுக்கோஸ் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தேன். நிமிர்த்தி உட்காரவைக்கத் தலையணையை இழுத்தபோது, அடியில் ஒரு துணிப்பொட்டலம். உள்ளே நான் கொடுத்த நாலு இட்லியும் நசுங்கிக் கிடந்தன. இன்சுலின் போட்டும் வயிறு காலி; சுகர் இறங்காமல் என்ன செய்யும்?

தெளிவு வந்ததும் மூக்காயி அம்மா அழுதார். "உங்கம்மா வெறும் வயித்தோட கெடக்கையில நான் இட்லி திங்கவா தாயி? நீ பரீட்ச முடிக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி படாதுன்னு கோட்டை மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டேன். அந்த ஆனந்திப் புள்ள பாத்துப்புட்டு, சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு கெஞ்சுச்சு. நான்தான் ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு கையப் பிடிச்சேன்."

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

எக்ஸாமினர் புது ட்ரே வைத்து மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். "மார்க்க விட பேஷண்ட்டப் பாத்த. போ, பாஸ்" என்றார். எத்தனையோ நாள் காத்திருந்த வார்த்தை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் கீழே ஓடினேன்.

ஆனந்தி சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அழுத கண். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அந்தம்மா சாப்டுச்சா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஊசி போட்டுட்டன்னு எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா கத்தியிருப்பேன்."

"நான்தான் ஒன்னயப் பேச விடல. மன்னிச்சிரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "என்னைய சந்தேகப்பட்டது போகுது. அந்தக் காலித் தட்ட ஏன்டி சந்தேகப்படல?"

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

தமிழ்மதி மேடத்திடம் போய் என் புகார் பொய் என்று சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனந்திக்கு மறுநாள் தேர்வு வைப்பதாக ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் எனக்கு வார்டில் வேலையே இல்லை. ஆனாலும் இட்லித் தட்டோடு மூக்காயி அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். ஆனந்திக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"இன்னிக்கு விரதமெல்லாம் இல்ல தாயி. நீ போ, நான் சாப்ட்டுக்கிறேன்."

நான் நகரவில்லை. ஒவ்வொரு வாயாக ஊட்டினேன். தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். கடைசி வாய் உள்ளே போனதும், "எங்க, வாயத் தொறங்க, பாப்போம்" என்றேன்.

வார்டின் அந்தக் கோடியில் ட்ரே அடுக்கிக்கொண்டிருந்த ஆனந்தி என்னைப் பார்த்தாள். தட்டைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தேர்வுக்குப் போனாள்.