ஷாங்காய் வெந்நீர்க் கடைக்கு வழி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. ஷாங்காய் நகரத்துக்குப் போகிறவர்களுக்கு உதவும்படி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். துறைமுகத்தில் இறங்கியதும் எங்கே போவது, பணத்தை எங்கே மாற்றுவது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது, இப்படி. நான் ஷாங்காயைப் பார்த்ததே இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தே கேட்டார், நானும் வெட்கமில்லாமல் சரியென்றேன். இந்த மாதிரி இரண்டு பேரை நீங்கள் நம்பவே கூடாது.

'கப்பலை விட்டு இறங்கியதும் பயணி செய்யவேண்டிய முதல் காரியம்

[இதற்குமேல் பேனா ஓடவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

அப்போதுதான் வெயிலுமுத்து வந்து அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டார். அவர் இருந்தது பம்பாயில், மாட்டுங்கா லேபர் கேம்ப். வருஷம் 1962, நவம்பர் மாதம். சீனாவோடு சண்டை. ஷாங்காய் என்ற பேரை வாயில் வைத்துக்கொண்டு திரிவதற்கு அதைவிடக் கெட்ட மாதம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'வெயிலுமுத்து கப்பலில் உலகத்தைச் சுற்றியவர்.' அடித்துவிட்டேன். சுற்றியதாகச் சொல்லிக்கொள்பவர் என்பதுதான் சரி.

இரண்டாவது தொடக்கம்: தாராவித் தோல் கிடங்கில் மூட்டை தூக்கும் வெயிலுமுத்து, உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். ஊர்க்காரன் இசக்கியும் கூடவே போனான். திரும்பி வந்தது வெயிலுமுத்து மட்டும். "இசக்கி ஷாங்காய்லயே தங்கிட்டான். கோயில் வாசல்ல வெந்நீர்க் கடை வச்சிருக்கான்" என்றார். இசக்கியின் தங்கை பேராச்சி அழுகையை நிறுத்தினாள். பிறகு அவரையே கட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தாள்.

வெந்நீரை விற்கக் கடையா? எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.*

(* பிறகு படித்துப் பார்த்தேன். பழைய ஷாங்காயில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க அளந்து விற்கும் கடைகள் உண்மையிலேயே இருந்திருக்கின்றன. இந்த ஆளை நம்புவதா வேண்டாமா என்று அன்றைக்குப் போன தூக்கம் எனக்கு இன்னும் திரும்பவில்லை.)

"என்னைக்காவது போய் அண்ணனப் பாக்கணும்லா. வழியச் சொல்லுங்க" என்று பேராச்சி கேட்பாள். வெயிலுமுத்து சலிக்காமல் சொல்வார்.

"துட்டக் கப்பல்லயே மாத்திரணும். ரோட்டுல வச்சு மாத்துனா தலையில மொளகா அரச்சிருவான். தொறமொகத்துக் கேட்டத் தாண்டுனா மணிக்கூண்டு தெரியும், அதப் பாத்து நட. டிராம் நிக்கும். ஏறி உக்காந்தா அது எங்க போய்த் திரும்புதோ அங்க எறங்கு. நேரா போனா வட்டமா ஒரு தோட்டம். அதத் தாண்டுனா கோயில். வாசல்ல உங்கண்ணன் கடை. பச்சத் தண்ணி மட்டும் குடிச்சிராத ட்டி, வயித்தால போயிரும்."

மாசானத்தின் டீக்கடையிலும் இதே பேச்சுத்தான். கேம்பில் அவருக்கு 'ஷாங்காய்க்காரர்' என்றே பேர் விழுந்துவிட்டது.

3

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். போலீஸ் ஹவல்தார் வீட்டு வாசலுக்கே வந்து, மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

(காட்டிக்கொடுத்தது மாசானம் என்றுதான் முதலில் எழுதினேன். அதற்காகவே அவருக்கு ஒரு திருட்டு முழியும் கொடுத்தேன். பிறகு பாவமாக இருந்தது. இதற்கென்று தனியாக ஒரு ஆள் எதற்கு? 'ஷாங்காய்க்காரர் வீடு எது' என்றால் யார் வேண்டுமானாலும் கை நீட்டியிருப்பார்கள்.)

அன்று மாசானம் டீயை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் உள்ளே போனார். பைப்படியில் பேச்சு சட்டென்று நின்றது. வெயிலுமுத்துவும் லேசுப்பட்டவர் இல்லை. எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும், நீதானா, நீதானா என்று பார்த்துக்கொண்டே நடந்தார்.

அவருடைய பயம் இரண்டு. சீனாவுக்குப் போனேன் என்று சொன்னால், அங்கே மச்சான் வேறு இருக்கிறான், பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். போகவே இல்லை என்று சொன்னால், இசக்கி எங்கே? இத்தனை வருஷம் வெந்நீர் விற்றுக்கொண்டிருந்தவனைப் பேராச்சியின் காதுபட அவரே தன் வாயால் சாகடிக்க வேண்டும்.

உண்மையில் போனீரா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அவரை உண்டாக்கினவன் நான், என்னிடமாவது சொல்லலாம். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

4

முடிவு ஒன்று: ஸ்டேஷனில் இருக்கும் பெரிய அதிகாரி முன்னாள் மாலுமி. அவரும் அந்த வெந்நீரைக் குடித்திருக்கிறார். இருவரும் கட்டிப்பிடித்து [இவ்வளவு இனிப்பாக ஒருவன் எழுதினால் அவனைச் சந்தேகப்படுங்கள்.]

முடிவு இரண்டு: வெயிலுமுத்து ஊருக்கு ரயிலேறி ஓடிவிடுகிறார். [பேராச்சியை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய?]

நடந்தது இதுதான். பேராச்சியும் கூடவே கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சீன் மே கித்னா ஸால் தா?" என்றார் ஹவல்தார். சீனாவில் எத்தனை வருஷம் இருந்தாய்?

வெயிலுமுத்து இரண்டு பயத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பேராச்சி முன்னால் வந்துவிட்டாள்.

"யே கஹீ நஹீ கயா, ஸாப். ஸப் ஜூட்டா பாத்." இவர் எங்கேயும் போகவில்லை, எல்லாம் பொய்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். இவர் சொன்ன வழியில் நான் நடந்து பார்த்தேன் என்று தன் உடைந்த ஹிந்தியில் சொன்னாள். பம்பாய்த் துறைமுகத்தின் டாக் கேட்டில் தொடங்கி, மணிக்கூண்டைப் பார்த்து நடந்து, போரிபந்தரில் டிராம் ஏறி, அது திரும்புகிற தாதரில் இறங்கி, கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தைத் தாண்டினால் மாட்டுங்கா கோயில் வாசல் வந்துவிட்டது.

ஹவல்தார் தொப்பை குலுங்கச் சிரித்தார். ஷாங்காய் மாட்டுங்காவில் இருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். சிரிப்பு அடங்கியதும், "தேரா பாய்?" என்றார். சீனாவில் இருக்கிற உன் அண்ணன்?

"மர் கயா" என்றாள் பேராச்சி. செத்துட்டான். குரல் ஆடவே இல்லை.

போகச் சொல்லிவிட்டார்கள்.

5

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். தப்பித்துவிட்ட சந்தோஷம் அவருக்குத் துளியும் இல்லை. வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலம் பக்கத்தில் படுத்திருந்தவளைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று பயமாகவும் இருந்தது.

(அவள் நிஜமாகவே நடந்து பார்த்தாளா, இல்லை, ஸ்டேஷன் படியேறும்போது ஜோடித்தாளா? எனக்கு இவள் மேலும் சந்தேகம்தான்.)

"எப்பம் ட்டி நடந்து பாத்த?"

"கல்யாணமான புதுசுல. நீங்க வேலைக்குப் போயிருந்திய."

"தெரிஞ்சா இத்தன வருசமா வழி கேட்ட?"

அவள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"நீங்க சொன்னதெல்லாம் இங்க இருக்கு. மணிக்கூண்டு, டிராமு, தோட்டம், கோயிலு. வாசல்ல மட்டும் பூக்கடைதான் இருந்துச்சு. பொறவு பம்பாய் பூராத் தேடிட்டேன். வெந்நி விக்கிற கடை ஒண்ணுகூட இந்த ஊர்ல இல்ல." முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "அத மட்டும் எங்க வச்சுப் பாத்திய?"

இந்த இடத்தில் நான் இரண்டு பதில் எழுதினேன். ஒன்றில் இசக்கி இருக்கிறான். இன்னொன்றில் வேறு ஏதோ துறைமுகத்தில் எவனோ மாலுமி சொன்ன கதை இருக்கிறது. இரண்டையும் கிழித்துப்போட்டேன். இரண்டுமே அவர் சொல்வதுபோல்தான் இருந்தன.

பேராச்சிக்குப் படிக்கத் தெரியாது, ஷாங்காயில் வெந்நீர்க் கடைகள் இருந்தன என்ற அந்த அடிக்குறிப்பை அவள் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். லேபர் கேம்ப் ஸ்டாப் வந்துவிட்டது, மாசானம் கடையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். வெயிலுமுத்து வாயைத் திறந்துவிட்டார். மீதியை நீங்கள்தான் சொல்லவேண்டும், அவள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

"பேராச்சி, அந்தக் கடை